வேன் விளக்கும் ஒரு பச்சை ஃப்யூஸும்



மெல்பர்ன் வந்து ஏழு வாரம் ஆகிறது. "சார், ஆஸ்திரேலியாவுல என்னென்ன பாத்தீங்க, போட்டோ போடுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கங்காருவும் பார்த்தேன், கடலும் பார்த்தேன். அந்தப் போட்டோக்களை மகள் ஏற்கனவே போட்டுவிட்டாள். இதில் பதினோரு நாள் நான் ஒரு வேனுக்குள் மல்லாந்து படுத்து ஒயர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் அவள் போடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிளஸ் டூவில் மின்னோட்டவியலை சாய்ஸில் விட்டவர்கள் கட்டாயம் படிக்கவும். வேன், டிராவல்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இரண்டு தடவை படிக்கவும்.

மாப்பிள்ளை போன வருடக் கடைசியில் ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கினார். 1998 மாடல் டொயோட்டா ஹைஏஸ். பார்க்காதவர்கள் நம் ஊர் டெம்போ டிராவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் சிறியது, முன்னால் மூக்கு இல்லாதது. பின் சீட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே ஒரு குடித்தனமே வைத்திருக்கிறார்கள். மடக்கிப் போடும் படுக்கை, ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி, இடுப்பு உயர ஃப்ரிட்ஜ், உயர்த்திய கூரைக்குக் கீழே குழந்தைகள் படுக்க ஒரு பரண். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் இங்கே பாதி ஊர் இப்படி வண்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்கும் காட்டுக்கும் போய்விடுகிறது. லாட்ஜ் வாடகை மிச்சம்.

இந்த மாதிரி வண்டியில் பேட்டரி இரண்டு. ஒன்று என்ஜினை ஸ்டார்ட் செய்ய. மற்றொன்று வீட்டுப் பேட்டரி. விளக்கு, தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில். வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் இடையிலுள்ள ரிலே இரண்டையும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமல்லவா, அதற்காக.

விளக்கு மொத்தம் ஆறு. படிக்கு மேலே ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று, நடுவில் இரண்டு, பரணில் இரண்டு. வாங்கியபோதே பரண் விளக்கு இரண்டும் எரியவில்லையாம். பல்பு போயிருக்கும் என்று விட்டிருக்கிறார்கள். பிறகு மற்ற நான்கும் மங்க ஆரம்பித்தன. ஒரு நாள் பளிச்சென்று எரியும், மறுநாள் சிம்னி விளக்கு மாதிரி. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் தானாகவே பிரகாசமாகும், தானாகவே மங்கும். மாப்பிள்ளை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லா ஒயரையும் கழற்றி மாற்ற வேண்டும், 1,800 டாலர் ஆகும், ஏப்ரல் விடுமுறைக்குள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "வித்துடலாம்னு பாக்கறேன் மாமா" என்றார். பேத்திகள் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தது.

"இருங்க மாப்பிள்ளை, நான் ஒரு தடவை பாக்கறேன்" என்றேன்.

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, எழுபத்திரண்டு வயசு. இதெல்லாம் இங்க லைசென்ஸ் இருக்கறவங்கதான் செய்யணும்." அவள் சொன்னது பாதி சரி. இந்த நாட்டில் 240 வோல்ட் வயரிங்கில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கை வைக்கலாம்; அதில் அவர்கள் கண்டிப்பு. 12 வோல்ட் வேலையை வண்டிக்காரரே செய்துகொள்ளலாம். வெளியிலிருந்து கரன்ட் எடுக்க இந்த வேனில் ஒரு 240 வோல்ட் சாக்கெட்டும் உண்டு. அதன் மூடியைக்கூட நான் திறக்கவில்லை.

முதல் நாள் ஒரு மல்டிமீட்டரோடு உள்ளே ஏறினேன். வீட்டுப் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஈய அமிலப் பேட்டரி 12.7 காட்டும், ஆக இது கொஞ்சம் இறங்கிய பேட்டரி, ஆனால் நோய் இல்லை. நடு விளக்கைக் கழற்றி, அதற்கு வரும் இரண்டு ஒயர் முனையிலும் மீட்டரை வைத்தேன். அங்கேயும் 12.4. பேட்டரியில் இருப்பது அப்படியே வந்து சேர்கிறது. விளக்கை மறுபடி மாட்டினால் மங்கல். மாப்பிள்ளை கடையிலிருந்து புது எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி வந்தார். அதுவும் மங்கல்தான்.

இந்த இடத்தில் நம் மாணவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 1989 பேட்ச். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். வகுப்பில் வாய் திறக்க மாட்டார். லேபில் மட்டும் மீட்டர் பாலத்தை மற்றவர்களுக்கும் சேர்த்து இவரே கட்டிக்கொடுப்பார். வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே காலை பத்து மணி, ஒரு பஸ்ஸின் பானெட்டுக்குள் இருந்தார்.

"சார், மீட்டரை ஓரமா வைங்க. இண்டிகேட்டர் பல்பு இருக்கா? இருபத்தொண்ணு வாட்டு?"

"வாங்கிக்கலாம்பா."

"அதுல ரெண்டு ஒயர் சேத்துக்கட்டி அந்த முனையில கொடுத்துப் பாருங்க. லோடு போட்டாதான் சார் அது உண்மையச் சொல்லும். சும்மா இருக்கறப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதான்."

இதை விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை சாதாரணமாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். 12.4 வோல்ட்டில் அது இழுக்கும் கரன்ட் ஓர் ஆம்பியரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒன்றே கால் பங்கு. வழியில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று இருந்தாலும் அவ்வளவு கரன்டுக்கு அங்கே எந்த இழப்பும் தெரியாது. ஓம் விதி: V = IR. I ஏறக்குறைய பூஜ்யம் என்றால் V-யும் பூஜ்யம்தானே. மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப் பாசி அடைத்திருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்வரை கீழே அழுத்தம் முழுசாகவே இருக்கும். திறந்தால்தான் நூலாக ஒழுகுவது தெரியும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அது குழாயைத் திறப்பது மாதிரி.

டெஸ்ட் லாம்பைக் கொடுத்தேன். சிவப்பாக முனகியது. இப்போது பல்பு எரியும்போதே அதன் முனைகளில் மீட்டரை வைத்தால் 9.7 வோல்ட். பேட்டரியில் 12.4. இடையில் 2.7 வோல்ட் எங்கேயோ தங்கிவிட்டது. எங்கே? நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ்ஸுக்கும் இடையே அளந்தேன்: 0.4. பேட்டரியின் மைனஸுக்கும் பல்பின் மைனஸுக்கும் இடையே: 2.3. கூட்டிப் பாருங்கள். 0.4, 9.7, 2.3. மொத்தம் 12.4. கிர்க்காஃபின் இரண்டாம் விதி ஒரு வேனுக்குள் இவ்வளவு சுத்தமாக வந்து நின்றதைப் பார்த்ததும், பெரிய பேத்தியைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னேன். அவளுக்குப் பத்து வயது. கூட்டிவிட்டு, "சோ வாட் தாத்தா?" என்றாள். மைனஸ் பக்கம்தான் கோளாறு என்று அர்த்தம் கண்ணு என்றேன்.

உண்மையில் இந்த விடையை வீட்டம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். வேன் வாசலில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், "தொட்டிக் குழாயைத் திறக்கறப்பல்லாம் லைட் இன்னும் மங்குதே, நம்ம வீட்ல லோ வோல்டேஜ்ல மோட்டார் போட்டாப்ல" என்றார். குழாயைத் திறந்தால் 12 வோல்ட் மோட்டார் ஓடும். அது ஓடும் சத்தமும் சரியில்லை, முக்கி முனகித்தான் ஓடியது. ஃப்யூஸ் பெட்டியில் பார்த்தால் மோட்டாருக்கு ஒரு ஃப்யூஸ், விளக்குக்கு வேறு ஃப்யூஸ். பிளஸ் பக்கம் இரண்டும் தனித்தனிப் பாதை. அப்படியிருந்தும் ஒன்று இழுத்தால் மற்றது துவள்கிறது என்றால், இருவரும் சேர்ந்து நடக்கும் தெரு ஒன்று இருக்க வேண்டும். அது மைனஸ்தான். காலேஜில் படித்தவன் மீட்டரோடு கண்டுபிடித்ததைப் பூண்டு உரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார்.

எர்த் எங்கே என்று தேடினேன். வண்டியில் மைனஸுக்குத் தனி ஒயர் இழுக்காமல் இரும்புப் பாடியையே பாதையாக வைத்துக்கொள்வது வழக்கம். நம் மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்கள். தொட்டிக்குக் கீழே அலமாரியின் மூலையில் ஒரே ஒரு ஸ்குரூ. பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். மேலே கழிவுநீர்க் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகி, ஸ்குரூவும் அதில் மாட்டிய வளையமும் சேர்ந்து செம்மண் உருண்டையாகிவிட்டன. கழற்றி, உப்புத்தாள் வைத்து இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கினேன். மறுபடி அளந்தால் மைனஸ் பக்கம் 2.3 இருந்த இடத்தில் 0.1. பல்பில் 11.9. நடு விளக்குகள் கண்ணைக் கூசின. மோட்டார் முனகலை விட்டுவிட்டு ரீங்காரம் போட்டது.

மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். "முடிஞ்சது மாமா! ஐம்பது சென்ட் ஸ்குரூ!" பரண் விளக்கு எரியாவிட்டால் பரவாயில்லை, பேட்டரியில் ஓடும் கை விளக்கு இரண்டு வாங்கி மாட்டிவிடலாம் என்றார். எல்லோருக்கும் அதில் திருப்திதான்.

எனக்கு ஃப்யூஸ் பெட்டியில் பார்த்த ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

வண்டியில் போடும் தட்டை ஃப்யூஸுகளுக்கு நிறம்தான் அளவு. இளம்பழுப்பு 5 ஆம்பியர், பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. உலகம் முழுக்க இதே நிறங்கள்தான். விளக்குகளுக்கான இடத்தில் பச்சை சொருகியிருந்தது. 30 ஆம்பியர்! முன்பு இந்த வண்டியில் இருந்தவை 10 வாட் ஹாலோஜன் பல்புகள். ஆறும் சேர்ந்து எரிந்தாலும் 60 வாட், 5 ஆம்பியர். இப்போதைய எல்.இ.டி. அதில் கால் பங்குகூட இழுக்காது. பச்சைக்கு அங்கே என்ன வேலை? பெட்டியை முழுசாகக் கழற்றினேன். அடியில் தூசியோடு எரிந்துபோன ஃப்யூஸுகள் நான்கு கிடந்தன. மூன்று சிவப்பு, ஒரு மஞ்சள்.

நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது நடந்தது புரிந்துவிட்டது. யாரோ 10 போட்டிருக்கிறார். போய்விட்டது. மறுபடி 10, மறுபடி 10. எரிச்சலில் 20. அதுவும் போனதும் 30. 30 போகவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று பெட்டியை மூடிவிட்டார். இந்த வண்டி மாப்பிள்ளைக்கு முன் சில கை மாறியிருக்கிறது, செய்தவர் யாரென்று தெரியாது. வண்டிக் கம்பெனி போட்ட ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை; அது இருபத்தைந்து வருடம் தாண்டியும் கல் மாதிரி இருக்கிறது. இது பின்னால் வந்தவர்கள் உள்ளே குடித்தனம் கட்டியபோது போட்டது.

நம் ஊரில் ஃப்யூஸ் கேரியரில் கட்டுக்கம்பியைச் சுற்றிவிடுவோமே, அதேதான். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். விளக்குக்குப் போகும் ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அது. ஆகவே ஒயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃப்யூஸ் போட வேண்டும். இந்த வேனில் ஓடிய விளக்கு ஒயரின் செம்பு 0.75 சதுர மி.மீ. ஸ்பீக்கருக்குப் போடுகிற மாதிரி மெல்லிசு. 7.5 ஆம்பியருக்கு மேல் அதற்கு ஃப்யூஸ் போட நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு 30 என்றால், ஃப்யூஸ் உருகுவதற்குள் ஒயர் உருகிவிடும்.

அப்போதுதான் பெரிய பேத்தி வந்த புதிதில் சொன்னது நினைவுக்கு வந்தது. "பரண்ல படுத்தா ஒரு ஸ்மெல் வருது தாத்தா." மெத்தை நாற்றம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "மாப்பிள்ளை, இன்னும் முடியல. பரண் பலகையைக் கழட்டணும்" என்றேன். பரணுக்கு மேலே கூரையில் பிளைவுட் பலகை, அதற்கும் தகரத்துக்கும் இடையில் சூடு தாங்க ஃபோம். பதினான்கு ஸ்குரூ. பதின்மூன்று சின்னவை. ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நீளம். கைக்குக் கிடைத்ததைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அதை எடுக்கும்போதே முனை கறுப்பாக வந்தது.

பலகையை இறக்கினோம். அந்த நீள ஸ்குரூ பிளைவுட்டைத் தாண்டி, ஃபோமைத் தாண்டி, விளக்கு ஒயரின் பிளஸ்ஸைக் குத்திக்கொண்டு கூரையின் இரும்புச் சட்டத்தில் போய் முட்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஒயர் அறுந்து, இரண்டு முனையும் கரி. ஃபோமில் ஒரு குழி. பலகையின் உள்பக்கம் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகல். அது பெரிய பேத்தி தலை வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மகள் அந்தப் பலகையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. டிசம்பரில் பிள்ளைகள் நான்கு ராத்திரி அங்கே தூங்கியிருக்கிறார்கள்.

30 ஆம்பியர் ஃப்யூஸ் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மாப்பிள்ளை கேட்டார். நேரடி ஷார்ட் ஆகியிருந்தால் அதுவும் போயிருக்கும். இது துருவும் பெயின்டும் இடையில் இருக்கிற அரைகுறைத் தொடுகை, வண்டி குலுங்கும்போது தொட்டு விலகுவது. அதில் 20 ஆம்பியர் போனதாக வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து அந்த இடம்வரை ஒயர் 6 மீட்டர், 0.75 சதுர மி.மீ. செம்புக்கு மின்தடை சுமார் 0.14 ஓம். 20-ஐ 0.14-ஆல் பெருக்கினால் 2.8 வோல்ட் ஒயரில் இழப்பு. 12-இல் அது போக மிச்சம் 9.2 வோல்ட் முழுவதும் அந்த ஸ்குரூ முனையில். 9.2-ஐ 20-ஆல் பெருக்கினால் 184 வாட். வீட்டில் ரேடியோ பழுது பார்க்க வைத்திருந்த சால்டரிங் அயர்ன் ஞாபகம் இருக்கிறதா, அது 25 வாட். ஏழு சால்டரிங் அயர்னை ஒரே புள்ளியில் ஃபோமுக்குள் வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும்? 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்திருந்தால் 20 ஆம்பியரைச் சில விநாடிகூடத் தாங்காமல் போயிருக்கும். 30 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 20 என்பது சாதாரண நாள். ஒயர் முழுசாக அறுந்ததால்தான் நின்றது. அறுந்த முனையிலும் பச்சை ஃப்யூஸ் இருந்தவரை 12 வோல்ட் உயிரோடுதான் இருந்தது.

12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பலகையின் போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன். 12 வோல்ட் ஆளை ஷாக் அடிக்காது. நெருப்பு வைக்க வோல்ட் முக்கியமில்லை, வாட்தான்.

அதற்குப் பிறகு ஒட்டுப் போடும் பேச்சே இல்லை. பழைய விளக்கு ஒயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்தோம். ஒயர் வாங்கப் போனபோது ஒரு வேடிக்கை. நம் ஊரில் ஒன்றரை, இரண்டரை என்று கேட்டால் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீட்டரில். இங்கே வண்டி ஒயரில் "4 மி.மீ." என்று போட்டிருந்தால் அது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து வெளி விட்டம். உள்ளே செம்பு 1.84 சதுர மி.மீ.தான். "3 மி.மீ." என்றால் 1.13. கடை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. இங்கே இருக்கும் நம் பிள்ளைகள் காரில் ஏதாவது மாட்ட ஒயர் வாங்கினால் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவும். நாங்கள் 4 மி.மீ. வாங்கினோம். ஆறு விளக்குக்கும் சேர்த்து ஒன்றரை ஆம்பியர்தான்; போக 7 மீட்டர் வர 7 மீட்டர் கணக்குப் போட்டாலும் இழப்பு 0.2 வோல்ட்.

இந்த முறை மைனஸையும் பாடியில் விடவில்லை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்பு ஒயர் தனியாக வந்து பேட்டரி பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டையில் சேருகிறது. துரு எங்கே பிடித்தாலும் விளக்குக்குக் கவலையில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி வரை இரண்டு மீட்டர் தடித்த ஒயர் எந்தக் காவலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஒரு பெரிய ஃப்யூஸ் வைத்தோம். தகரத்தை ஒயர் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம். பரணில் ஒயரை ஸ்குரூ வரிசையிலிருந்து தள்ளி, வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம்.

இணைப்புகளை சால்டர் செய்யலாமா என்று மறுபடி நம் பஸ் ஸ்டாண்ட் நிபுணரைக் கேட்டேன். "வேணாம் சார். ஓடற வண்டி. ஈயம் முடியற இடத்துல ஒயர் வெறைச்சுக்கும், ஆடி ஆடி அங்கயே ஒடியும். கிரிம்ப் போடுங்க, போட்டு இழுத்துப் பாருங்க" என்றார். கிரிம்ப் அடிக்கும் இடுக்கி ஒன்று மாப்பிள்ளை வாங்கி வந்தார், முழுசாக அழுத்தாமல் விடவே விடாது அது. முதல் பத்து இணைப்பு நான் போட்டேன். மிச்சமெல்லாம் பெரிய பேத்தி. சின்னவளுக்கு ஆறு வயது; அவள் வேலை பரிசோதகர். "தாத்தா, புல் பண்ணவா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தொங்குவாள். இரண்டு இணைப்பு அவள் கையோடு வந்துவிட்டன. அக்காவுக்குக் கோபம். வெட்டிப்போட்டு மறுபடி அடித்தாள்.

விளக்குகளும் புதிது. பழைய எல்.இ.டி. பட்டைகளில் பாதி கறுத்திருந்தன. 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் மலிவான பட்டைகளில் கரன்டைக் கட்டுப்படுத்த வெறும் மின்தடைதான் இருக்கும். வண்டி ஓடிச் சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும், அப்போது அதிகச் சூட்டில் வாடும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்ட மூடிய விளக்குகளை வாங்கினோம். ஒன்று 3 வாட். ஃப்யூஸ் இளம்பழுப்பு, 5 ஆம்பியர். ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் பேத்தி கலர் பென்சிலில் படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள்: எந்த ஃப்யூஸ் எதற்கு, என்ன நிறம் என்று. கீழே தமிழில் அவளே எழுதியது: "பச்சை போடாதே". "டே" என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்தினாள்.

செலவு எல்லாம் சேர்த்து 310 டாலர், இடுக்கி உள்பட.

விடுமுறையில் வில்சன்ஸ் புரமன்டரி போனோம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி; நம் கன்னியாகுமரி மாதிரி. வழியெல்லாம் மழை. ஏப்ரலில் இங்கே ஆறரைக்கே இருட்டிவிடுகிறது. வாம்பட் என்று ஒரு பிராணி, கரடிக்குட்டியும் பெருச்சாளியும் சேர்ந்த மாதிரி, கூடாரங்களுக்கு நடுவே நம் ஊர்ப் பசுமாடு போலச் சாவகாசமாக மேய்ந்துகொண்டு போனது. எங்களுக்குக் கிடைத்தது வெளிக் கரன்ட் இல்லாத இடம். ராத்திரி பரண் விளக்கு இரண்டும் எரிய, பிள்ளைகள் மேலே படித்துக்கொண்டிருந்தார்கள். மகள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருக்கிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் ராத்திரி நானும் தொட்டுப் பார்த்திருந்தேன்.

வண்டியை விற்கும் பேச்சு இப்போது இல்லை.

வேன் வைத்திருக்கும் தம்பிகளுக்கு: நீங்களாகவோ வெளியில் கொடுத்தோ உள்ளே சீரியல் விளக்கு, ஃபேன், ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருப்பீர்கள். அந்த ஒயர் எந்த ஃப்யூஸிலிருந்து வருகிறது, என்ன நிறம் என்று நாளைக்கே திறந்து பாருங்கள். ஒயரின் செம்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஓரமாக இரண்டு அங்குலம் வெட்டி நம் 1989 பேட்ச் நிபுணர் கடையில் காட்டுங்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரி இருந்தால் அங்கே முதலில். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், ஆனால் இங்கே நான் ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துவிடுவேன். ஊர் நேரம் சாயங்காலம் நாலுக்குள் கேட்டால் அன்றைக்கே பதில் வரும்.

அடுத்த மாதம் முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். கருகிய ஒயர், நீள ஸ்குரூ, எரிந்த நான்கு ஃப்யூஸ், அந்தப் பச்சை ஃப்யூஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து இயற்பியல் லேபில் கொடுக்க வேண்டும். பலகைத் துண்டையும் கேட்டேன், மகள் தர மறுத்துவிட்டாள்.